நகரச் செய்திமடலை யாரிடம் அச்சடிப்பது? வாசகர் கேள்வி பதில்

நகர நிர்வாகம் குடியிருப்போருக்கென வெளியிடும் செய்திமடலுக்கு அச்சகம் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்கு குழம்பாமல் இருக்க, எல்லாப் பதில்களிலும் ஒரே மடலை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: ஏ4 அளவு, 16 பக்கம், 10,000 பிரதி.

கேள்வி: மூன்று அச்சகங்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஒரே வேலைக்கு இப்படி இருக்குமா? நாங்கள் கேட்டது இதுதான்: ‘16 பக்கம், பல வண்ணம், தரமான தாள், 10,000 பிரதி’.
(நகர்மன்ற உறுப்பினர் ஒருவர்)

பதில்: மூவரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். தரமான தாள் என்றதும் ஒருவர் 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத அச்சுத் தாள் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அதாவது பூச்சிட்ட வழவழப்பான தாள் என்று நினைப்பார். தாளின் எடையிலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்துவிடுகிறது. இந்த அளவு பிரதிக்குத் தாள்தான் பெரிய செலவு என்பதால் விலையும் அதன் பின்னாலேயே போகும்.

விலை கேட்பதற்கு முன் ஒரு பக்கத்தில் வேலை விவரத்தை எழுதிவிடுங்கள். வெட்டிய பின் நிற்கும் அளவு 210 × 297 மி.மீ., நெட்டுவாக்கில். 16 பக்கத்தில் அட்டையும் அடக்கமா, தனி அட்டையா என்று சொல்லுங்கள். அதிகத் தகராறு இந்த இடத்தில்தான் வருகிறது, ஏனென்றால் ‘16 பக்கமும் அட்டையும்’ என்றால் அச்சகத்தின் கணக்கில் 20 பக்கம். தாளின் வகை, ஜிஎஸ்எம், எந்தப் பக்கங்களில் எத்தனை வண்ணம், சென்டர் பின்னா (நடுவில் மடித்துப் பின் அடிப்பது) பெர்ஃபெக்ட் பைண்டிங்கா (முதுகில் பசை ஒட்டுவது), ஒரு கட்டில் எத்தனை பிரதி, எந்த இடத்தில் இறக்க வேண்டும், ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் யாருடையது, வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுதுங்கள். லே-அவுட் (பக்க வடிவமைப்பு) முடித்த பிடிஎஃப் நீங்கள் தருவதா, வெறும் எழுத்தும் படங்களும் தந்து அவர்களையே செய்யச் சொல்வதா என்பது தனி வரி. லே-அவுட் அவர்களுடையது என்றால், எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதும் வேண்டும்.

இந்தத் தாளை மூவருக்கும் திரும்ப அனுப்பிப் பாருங்கள். வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிடும். அப்போதும் ஒருவர் மட்டும் மிகவும் கீழே நின்றால், எதை விட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: 18 பக்கத்துக்குச் செய்தி இருக்கிறது. ஆனால் அச்சகத்தார் ‘16 அல்லது 20’ என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஏன்?

பதில்: நடுவில் மடித்துப் பின் அடிக்கும் இதழில் ஒரு தாள் மடிந்தால் நான்கு பக்கம். எனவே நான்கின் மடங்கில்தான் பக்கம் இருக்கும். 18 என்றால் இரண்டு பக்கம் காலியாக விட வேண்டும்.

இதில் பணம் மிச்சப்படுத்த ஒரு வழியும் இருக்கிறது. 640 × 900 மி.மீ. தாளில் ஒரு புறத்துக்கு எட்டு ஏ4 பக்கங்கள் அமரும், இருபுறமும் சேர்த்து 16. ஆக ஒரு தாள், ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி), ஒரு பிரதி. வழக்கமான மடிப்பில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள் தாளின் ஒரு புறத்திலும், 2, 3, 6, 7, 10, 11, 14, 15 மறு புறத்திலும் விழும். இருபுறமும் நான்கு வண்ணம் என்றால் எட்டு பிளேட் (ஒவ்வொரு புறத்துக்கும் மை ஒன்றுக்கு ஒரு அச்சுத் தகடு). முதல் புறம் மட்டும் நான்கு வண்ணம், மறுபுறம் கறுப்பு மட்டும் என்றால் ஐந்து பிளேட்தான். முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்கம் (8, 9) மூன்றும் வண்ணப் புறத்திலேயே வந்துவிடுகின்றன. படமுள்ள செய்திகளை அந்த எட்டுப் பக்கங்களில் வைத்து, வரி அட்டவணை, குடிநீர் வழங்கும் நேரம், தொலைபேசி எண்கள் போன்றவற்றை மற்ற எட்டில் போட்டால் வாசகருக்கு இழப்பு ஏதும் இல்லை. ஆனால் இதை லே-அவுட் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மடிப்பு முறை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறக்கூடும் என்பதால், வெள்ளைத் தாளை மடித்துப் பக்க எண் எழுதிய ஒரு டம்மியை அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள்.

சிறிய இயந்திரம் (450 × 640) வைத்திருப்பவர் இதே வேலையை எட்டு எட்டுப் பக்கமாக இரண்டு ஃபாரத்தில் அடிப்பார். முழு வண்ணத்துக்குப் பிளேட் 16 ஆகும், இயந்திரச் செட்டிங்கும் இரட்டிப்பாகும். அவருடைய விலை கூடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதில் ஏமாற்று இல்லை, அவரிடம் உள்ள இயந்திரம் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஒப்பந்தத்தில் 80 ஜிஎஸ்எம் என்று இருக்கிறது. வந்த பிரதிகள் மெலிதாகத் தெரிகின்றன. ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு மின்னணுத் தராசு போதும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 16 பக்கம் என்றால் எட்டுத் தாள், அதாவது அரை சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் தாளில் அடித்த ஒரு பிரதி 40 கிராம், 70 ஜிஎஸ்எம்மில் 35 கிராம். மையும் பின்னும் சேர்ந்தால், படம் அதிகமில்லாத மடலில் ஏறத்தாழ ஒரு கிராம் கூடும். ஒன்றை மட்டும் நிறுத்தால் தராசின் பிழையே அதிகம், பத்தைச் சேர்த்து நிறுங்கள். 400 கிராமை ஒட்டி வந்தால் சரி. தாள் ஆலையிலிருந்து வரும்போதே 4, 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் இயல்பு, ஈரப்பதமும் கொஞ்சம் மாற்றும். அதனால் 385 வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். 355 வந்தால் போகலாம்.

இது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். அச்சடிக்கும்போது வீணாவதற்கு 5 விழுக்காடு சேர்த்து 10,500 தாள் தேவை, அதாவது 21 ரீம் (ரீமுக்கு 500 தாள்). 640 × 900 அளவில் 80 ஜிஎஸ்எம் ரீம் 23.04 கிலோ, 70 ஜிஎஸ்எம் ரீம் 20.16 கிலோ. ஒரு இதழில் மட்டும் 60 கிலோவுக்கு மேல் வித்தியாசம். மாத இதழானால் ஆண்டுக்கு 725 கிலோ தாள்.

எண்ணிக்கையையும் இதே தராசில் சரிபார்க்கலாம். முதலில் ஒரு கட்டைக் கையால் எண்ணி நிறுங்கள். 50 பிரதிக் கட்டு இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். பிறகு மற்றக் கட்டுகளை நிறுத்தாலே போதும். எண்ணாமல் நிறுத்தால், எடை குறைவது தாள் மெலிந்ததாலா பிரதி குறைந்ததாலா என்று தெரியாது.

எந்தத் தாள் வாங்குவது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 60 ஜிஎஸ்எம்மில் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும், கறுப்புப் படங்கள் இருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் எழுத்தாக உள்ள மடலுக்கு 80 மேப்லித்தோ நல்ல நடுவழி. ஆர்ட் பேப்பரில் படம் பளிச்சென்று வரும், ஆனால் விளக்கொளியில் பளபளத்து முதியவர்களின் கண்ணை உறுத்தும், பேனாவால் எழுதினாலும் மை தீற்றும். விண்ணப்பப் படிவமோ கருத்துக் கேட்பு வினாத்தாளோ மடலில் இருந்தால் ஆர்ட் பேப்பர் வேண்டாம். தாளின் இழை ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதையும் விவரத்தில் சேருங்கள். குறுக்கே இருந்தால் மடிப்பில் வெடிப்பு விழும், பக்கம் விரித்தால் படியாமல் எழுந்து நிற்கும்.

கேள்வி: டிஜிட்டலா, ஆஃப்செட்டா?

பதில்: 10,000 பிரதிக்கு ஆஃப்செட். சில நூறு பிரதி என்றால் டிஜிட்டல். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டிலும் விலை கேளுங்கள். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் செட்டிங்குக்கும், நிறம் நிலைப்படும் வரை கழியும் தாளுக்கும் ஆகும் செலவு 1,000 அடித்தாலும் 10,000 அடித்தாலும் ஒன்றுதான். டிஜிட்டலில் பிளேட் இல்லை, ஒவ்வொரு பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு.

அதனால்தான் ‘5,000 போதும், தேவைப்பட்டால் பிறகு 5,000’ என்பது சிக்கனம் ஆகாது. இரண்டாம் முறை இயந்திரத்தை மீண்டும் செட்டிங் செய்ய வேண்டும், பிளேட்டும் கெட்டிருக்கலாம். முதலிலேயே ‘கூடுதல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் விலை’ என்று தனிக் கட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

பல பத்தாயிரம் பிரதிகளுக்கு ரோல் தாளில் அடிக்கும் வெப் ஆஃப்செட் மலிவு. அதில் பக்க நீளத்தை இயந்திரத்தின் சிலிண்டர் சுற்றளவுதான் தீர்மானிக்கும், உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. சூடேற்றி உலர்த்தும் அமைப்பு இல்லாத வெப் இயந்திரத்தில் மை தாளுக்குள் ஊறித்தான் காய வேண்டும் என்பதால் ஆர்ட் பேப்பர் ஓடாது.

கேள்வி: குறைந்த விலைக்கே தர வேண்டும் என்பது எங்கள் விதி. அப்படித் தந்தும் ஆண்டு முடிவில் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது.

பதில்: நீங்கள் 16 பக்க விலையை மட்டும் ஒப்பிட்டிருப்பீர்கள். கூடுதல் பக்கங்களுக்கு என்ன விலை போட்டிருந்தார்கள் என்று கோப்பை எடுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு. முதல் அச்சகம் 16 பக்க இதழுக்கு 100 என்றும் கூடுதல் நான்கு பக்கத்துக்கு 45 என்றும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 108, கூடுதல் நான்கு பக்கத்துக்கு 24. விதிப்படி முதல் அச்சகத்துக்கு வேலை போகும். ஆண்டில் 12 இதழில் ஆறு 20 பக்கமாகிவிட்டால், முதலாமவருக்கு 1,470, இரண்டாமவருக்கு 1,440. நான்கு பக்கம் என்பது பதினாறில் கால் பங்கு. தனி ஃபாரமாக அடிக்க வேண்டியிருப்பதால் கால் பங்குக்குச் சற்றுக் கூடலாம், பாதியை நெருங்குவதற்கு நியாயம் இல்லை.

தீர்வு, கடந்த ஆண்டு உண்மையில் எத்தனை இதழ், எத்தனை பக்கம், எத்தனை பிரதி அடித்தீர்கள் என்பதை டெண்டரிலேயே போட்டு, அந்த முழுக் கூடையின் விலையை ஒப்பிடுவது. குறைந்த விலை விதியும் மீறப்படாது. இன்னொன்று: ஓராண்டு ஒப்பந்தத்தில் தாள் விலை ஏறினால் என்ன செய்வது என்று எழுதாவிட்டால், அச்சகத்தார் அந்த அச்சத்தையும் விலையில் ஏற்றியே தருவார். தாளின் பங்கை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லி, குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அந்தப் பங்கு மட்டும் மாறும் என்று எழுதலாம். இறங்கினாலும் என்பதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சிறிய அச்சகம். அச்சு எங்களுடையது, பைண்டிங் வெளியே. இதைக் காட்டி நகர நிர்வாகம் எங்கள் விண்ணப்பத்தை ஒதுக்கியது. சரியா?
(அச்சக உரிமையாளர் ஒருவர்)

பதில்: டெண்டரில் முன்பே நிபந்தனையாக இருந்தால் சரி, இல்லாமல் பின்னால் சொன்னால் தவறு. எங்கள் கருத்தில் அந்த நிபந்தனையே தேவையற்றது. வெளியே கொடுக்கும் வேலை எது, யாரிடம் என்று எழுத்தில் தரச் சொல்லி, பொறுப்பு முழுவதும் அச்சகத்துக்கே என்று வைத்தால் போதும்.

நிர்வாகம் கேட்க வேண்டியது மாதிரிகளை. அண்மையில் செய்த, இதே போன்ற வேலைகளில் மூன்று பிரதி. வேலையைச் செய்து வாங்கியவரின் விவரமும் இருக்கட்டும். மாதிரி வந்தால் அட்டையின் அழகைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். நடுப்பக்கம் தவிர்த்த வேறு எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே படம் ஓடினால், இரு பாதியும் ஒரே உயரத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள். மடிப்பின் துல்லியம் அங்கே தெரியும். கருமையான இடத்தைக் கட்டை விரலால் தேயுங்கள், கையில் மை வந்தால் உலர விடாமல் மடித்திருக்கிறார்கள். இரண்டு பின்களும் மடிப்புக் கோட்டின் மேலேயே இருக்கின்றனவா, நுனி உள்ளே மடிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பொடி எழுத்தில் மெய்யெழுத்துகளின் புள்ளி தெளிவாக நிற்கிறதா என்பது கடைசிச் சோதனை, என் கணக்கில் முதல் சோதனையும் அதுதான்.

கேள்வி: கணினியில் சரியாக இருந்த தமிழ் அச்சில் குலைந்து போனது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. யார் பொறுப்பு?

பதில்: பிடிஎஃப் கொடுத்தீர்களா, திறந்து திருத்தக்கூடிய கோப்பைக் கொடுத்தீர்களா என்பதைப் பொறுத்தது. திறந்த கோப்பு என்றால் அச்சகத்தின் கணினியில் எழுத்துரு இல்லாமலோ, மென்பொருளில் தமிழ் சேர்க்கும் வசதி முடுக்கப்படாமலோ இப்படி ஆகும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகாமல் இருந்தால் ‘கொ’, ‘கே’ போன்றவை உடையும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் (பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ அல்லது எக்ஸ்-4 என்னும் அச்சுக்கான வகை) கொடுத்து, அதன் புரூஃபில் (அச்சடிக்கும் முன் எடுக்கும் சோதனைப் படி) கையெழுத்திட்டால் இந்தச் சிக்கல் எழாது.

லே-அவுட்டும் அச்சகமே செய்வதானால் யூனிகோடில்தான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பழைய குறியீட்டு எழுத்துருவில் செய்த பக்கம் தாளில் அழகாகவே இருக்கும். அதே பிடிஎஃபை இணையத்தில் ஏற்றினால் தேடவும் முடியாது, பார்வையற்றோருக்கான படிப்பான் மென்பொருள் பொருளற்ற எழுத்துகளைத்தான் படிக்கும். நகர மக்கள் அனைவருக்குமான மடலுக்கு இது சின்னக் குறை அல்ல.

எழுத்து முழுவதும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். வேர்டில் அடித்த கறுப்பு ஆர்ஜிபியிலிருந்து (திரையின் நிற முறை) அச்சு மைக்கு மாறும்போது நான்கு மையின் கலவையாகிவிடும். ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது) ஒரு நூலிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும், ‘ஞ’, ‘ண’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கறுப்பு மட்டும் என்றால் பிளேட் போட்ட பின் தெரியவரும் எழுத்துப் பிழைக்கும் ஒரே பிளேட்டை மாற்றினால் போதும், கலவையானால் நான்கையும் மாற்ற வேண்டும். கருமைப் பின்னணியில் வெள்ளை எழுத்தையும் பொடி அளவில் தவிர்த்துவிடுங்கள். மை பரவிப் புள்ளியை மூடிவிட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

படங்களுக்கு ஒரு வரி: 1,600 பிக்சல் அகலப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளித் தெளிவில் 13.5 செ.மீ. அகலம் வரைதான் தாங்கும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை முழுப்பக்க அட்டைக்கு வைக்காதீர்கள். விளிம்பு வரை ஓடும் படமானால் நாற்புறமும் 3 மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள்.

கேள்வி: புரூஃபில் இருந்த நிறம் பிரதியில் இல்லை. நகரச் சின்னத்தின் நீலம் ஊதாவாக வந்திருக்கிறது.

பதில்: திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தால் அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால். நீலம் இந்த மாற்றத்தில் எளிதாக ஊதாப் பக்கம் சாயும் நிறம், மெஜந்தா (சிவப்பு ஊதா மை) சற்றுக் கூடினாலே போதும். சின்னத்தின் நிறத்துக்கான சிஎம்ஒய்கே எண்களை (நான்கு மைகளின் அளவு) ஒரு முறை தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துல்லியமாகவே வேண்டும் என்றால் தனி மை, அதாவது ஐந்தாவது பிளேட். செய்திமடலுக்கு அது வீண் செலவு என்றே நினைக்கிறோம்.

நிறத்துக்கான புரூஃபைக் காகிதத்தில், முடிந்தால் அதே வகைத் தாளுக்குச் சரிசெய்த அச்சில் கேளுங்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சும், ஆர்ட் பேப்பர் புரூஃபைப் பார்த்துவிட்டு மேப்லித்தோ பிரதியைப் பார்த்தால் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். ஒப்பிடும்போது 5,000 கெல்வின் விளக்கின் கீழ் பார்ப்பது முறை. அது இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே சன்னலருகில், ஒரே நேரத்தில் பாருங்கள்.

கேள்வி: 10,000க்குப் பதில் 9,700 வந்தது. ‘தொழில் வழக்கம்’ என்கிறார்கள்.

பதில்: எண்ணிக்கை கொஞ்சம் கூடுவதும் குறைவதும் வழக்கம்தான். ஆனால் ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒப்பந்தம்தான் செல்லும். வீட்டுக்கு ஒன்று கொடுக்கும் மடலில் 300 குறைந்தால் 300 வீட்டுக்கு இல்லை. ‘குறையக் கூடாது, கூடினால் 2 விழுக்காடு வரை மட்டும் பணம்’ என்று எழுதுங்கள். இந்த முறை 9,700க்கு மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: வீடுகளுக்கு நேரடியாக அனுப்பும் பொறுப்பையும் அச்சகத்திடமே விடலாமா?

பதில்: விடலாம், தனி விலையாக. முகவரிப் பட்டியலை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, ஒவ்வொரு இதழ் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பட்டியலில் பெயரும் முகவரியும் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாதம் 1ஆம் தேதி மடல் வர வேண்டும். எப்போதும் 5, 6 என்று தள்ளிப்போகிறது. அபராதம் போட்டும் பயனில்லை.

பதில்: தாமதம் எந்தக் கையில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். கோப்பைச் சரிபார்த்துப் புரூஃப் எடுக்க ஒரு நாள், நீங்கள் படித்துக் கையெழுத்திட ஒரு நாள், பிளேட்டும் அச்சும் ஒரு நாள், மை உலர ஒரு நாள், மடித்துப் பின் அடித்து வெட்ட ஒரு நாள், கட்டி இறக்க ஒரு நாள். ஆறு வேலை நாள். நீங்கள் 27ஆம் தேதி கோப்பைக் கொடுத்து, மூன்று அதிகாரிகள் தனித்தனியாகத் திருத்தம் சொன்னால் அபராதத்தை யார் மேல் போடுவது? அவசரப்படுத்தினால் முதலில் பலியாவது உலரும் நாள். மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய பிரதிகள் அப்படித்தான் வருகின்றன.

கோப்பு கொடுக்கும் நாளையும் புரூஃப் திருப்பும் நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே போடுங்கள், இரு தரப்புக்கும். நிர்வாகம் ஒரு நாள் தாமதித்தால் இறக்கும் நாளும் ஒரு நாள் தள்ளும், அதன் பிறகே அபராதம். புரூஃபில் ஒரே ஒருவர் கையெழுத்திடட்டும். மற்றவர்கள் சொல்வதை அவர் வாங்கிச் சேர்த்து ஒரே முறையில் அனுப்பட்டும். ஒப்பந்தம் முடியும்போது திறந்த லே-அவுட் கோப்புகளும் படங்களும் எழுத்துரு விவரமும் நிர்வாகத்திடம் வந்துசேர வேண்டும் என்பதையும், அவை வந்த பிறகே கடைசி பில்லுக்குப் பணம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.